கதவில் ஓடும் கோடு

2014 பிப்ரவரியில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த வாகனக் கண்காட்சியில் ஒரு சிறிய காரின் முன்னால் நெடுநேரம் நின்றிருந்தேன். அலுவலக வேலையாக டெல்லி போயிருந்தேன். திரும்ப ஒரு நாள் மிச்சம் இருந்தது. கார்களைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றுமே தெரியாது. அச்சகத்தில் பக்க வடிவமைப்பு என் தொழில். எழுத்துக்கும் தாளின் ஓரத்துக்கும் நடுவில் எவ்வளவு வெள்ளை விட வேண்டும் என்பதுதான் நான் அறிந்த கணக்கு. அந்தக் காரை வரைந்தவருக்கும் அதே கணக்கு தெரிந்திருக்கிறது என்று பார்த்த கணத்தில் தோன்றியது. மெதுவாகச் சுழலும் வட்ட மேடையில், முத்து நிறத்தில் அது நின்றது. கதவுகளில் கைப்பிடி கிடையாது. முன்விளக்கு ஒரு விரற்கடை உயரமுள்ள கீற்று, அவ்வளவுதான். பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறந்தது. நடுவில் தூண் இல்லாததால் நான்கு இருக்கைகளும் ஒரு வீட்டுக் கூடம் போலத் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, முகப்பிலிருந்து பின்விளக்குவரை பக்கவாட்டில் ஒரே ஒரு மடிப்புக் கோடு. எங்கும் உடையாமல், எங்கும் தடிக்காமல், ஒரே மூச்சில் இழுத்த கோடு. மேடை ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் கூரை விளக்கின் வெளிச்சம் அந்த மடிப்பின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி மறைந்தது. அதைப் பார்ப்பதற்காகவே அடுத்த சுற்றுக்கும் அதற்கடுத்த சுற்றுக்கும் நின்றேன்.

மேடையருகே ஒலிவாங்கியுடன் நின்ற இளைஞர் இது சில ஆண்டுகளில் விற்பனைக்கு வரும் என்றார். நம்பினேன். நான் எடுத்த புகைப்படத்தைச் சென்னைக்கு வந்ததும் பிரிண்ட் போட்டு பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன். அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றும் தொடங்கினேன். என் வாழ்க்கையில் ஒரு பொருளுக்காக அப்படிக் காத்திருந்தது அது ஒருமுறைதான்.

வந்தது. பெயர் அதே பெயர். விற்பனையகத்தில் அதன் முன்னால் நின்றபோது, தெரிந்த ஒருவரின் பெயரைச் சொல்லி வேறு யாரையோ கூட்டிவந்து நிறுத்தியது போல இருந்தது. கைப்பிடிகள் வந்திருந்தன. சக்கரங்கள் சுருங்கி, அவற்றைச் சுற்றி வெற்றிடம் பெருத்திருந்தது. விளக்குகள் உப்பியிருந்தன. அந்தக் கோடு முன்கதவில் கொஞ்ச தூரம் போய்ப் படுத்துவிட்டது. பின்கதவில் இன்னொரு கோடு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லாமல், வேறு உயரத்தில் எழுந்தது. கைப்பேசியில் இருந்த பழைய படத்தை விற்பனையாளரிடம் காட்டி, இந்தக் கார் எங்கே என்று கேட்டேன். அவர் கனிவாகவே சொன்னார்: “அது கண்காட்சிக்கு மேடம். இது ரோட்டுக்கு.”

அந்த இரண்டு வாக்கியங்களை என்னால் பல வருடங்களுக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ரோட்டுக்கு வராத ஒன்றை மேடையில் ஏற்றி, விளக்குப் போட்டு, மக்களைக் காத்திருக்க வைப்பதற்கு என்ன பெயர்? பொய் என்றுதான் அன்று முடிவுகட்டினேன். வைப்புத்தொகையை எடுத்து வீட்டுக்குக் கிரில் போட்டோம்.

வாக்குறுதிகளின் வயது

கோபம் இருக்கும் இடத்தில்தான் அக்கறையும் இருக்கும். அந்தக் காரை மன்னிக்க முடியாததாலேயே கான்செப்ட் கார்களை, அதாவது விற்பனைக்கு முன் ஒரு யோசனையாகக் காட்டப்படும் மாதிரிக் கார்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன். முதலில் கண்ணில் பட்டது 1938ஆம் வருடத்து பியூக் ஒய்-ஜாப். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் உருவாக்கியது. தேவைப்படும்போது மட்டும் வெளியே வரும் முன்விளக்குகள், மின்சாரத்தில் ஏறி இறங்கும் கண்ணாடிகள், உடலோடு ஒட்டிய கதவுக் கைப்பிடிகள். அது நடந்து முக்கால் நூற்றாண்டு கழித்து நொய்டாவில் நான் புதுமை என்று வாய்பிளந்து பார்த்த அதே கைப்பிடிகள். ஏர்ல் அந்தக் காரை மேடையில் வைத்துப் பூட்டிவிடவில்லை. பல வருடங்கள் தானே ஓட்டிக்கொண்டு திரிந்தார். இது எனக்கு முக்கியமாகப் பட்டது. தான் காட்டிய எதிர்காலத்தில் தானே உட்கார்ந்து வெயிலிலும் நெரிசலிலும் போய்வந்த மனிதர் அவர்.

அதே நிறுவனம் 1956இல் காட்டிய பியூக் செஞ்சூரியனில் பின்பார்வைக் கண்ணாடி கிடையாது. பின்புறம் ஒரு தொலைக்காட்சிக் கேமரா, ஓட்டுநர் முன்னால் ஒரு திரை. புதிய கார்கள் அனைத்திலும் பின்புறக் கேமரா இருந்தாக வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் முழுமையாக நடப்புக்கு வந்தது 2018இல். இடையில் அறுபத்திரண்டு வருடங்கள். அதே 1956இல் வந்த ஃபயர்பேர்ட் 2, சாலைக்கு அடியில் பதித்த கம்பியைப் பின்பற்றித் தானே ஓடும் கார் என்ற எண்ணத்தை முன்வைத்தது. அந்தக் கம்பியை ஊரெங்கும் யாரும் பதிக்கவில்லை. ஃபோர்டு 1950களின் இறுதியில் காட்டிய நியூக்ளியான், அணு உலையைப் பின்னால் சுமந்து ஓட வேண்டிய கார். சிறு மாதிரியோடு நின்றது, நின்றதே நல்லது.

இவற்றை வாசிக்க வாசிக்க என் குற்றச்சாட்டு கொஞ்சம் இளகியது. ஆனால் தீரவில்லை. கேமராவும் கைப்பிடியும் கருவிகள்; காலம் வந்தால் விலை குறைந்து தாமாகவே வந்து சேரும். நான் இழந்தது ஒரு கோடு. கோட்டுக்கு எந்தத் தொழில்நுட்பம் பழுக்க வேண்டும் என்று அறுபது வருடம் காத்திருப்பது? இரும்புத் தகடு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கேள்வியை அங்கேயே விட்டிருப்பேன், ஹூண்டாயின் பழைய கதை ஒன்றைப் படிக்காமல் இருந்திருந்தால்.

1974, டுரின்

ஹூண்டாய் என்றால் நமக்கு இருங்காட்டுக்கோட்டை. 1998இல் அங்கிருந்து சாண்ட்ரோ வந்த நாளிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையின் அந்தப் பகுதியே மாறிப்போனதை நம் தலைமுறை கண்ணால் பார்த்தது. ஆனால் அதற்கு இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் அந்த நிறுவனம் இருந்த நிலையை நான் யோசித்ததே இல்லை. 1967இல் தொடங்கிய நிறுவனம். தென்கொரியாவின் உல்சான் நகரில் ஃபோர்டின் கார்ட்டினா காரை உதிரிகளாக வரவழைத்துப் பூட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை. சொந்தமாக ஒரு காரை வரைந்த அனுபவம் அதற்குக் கிடையாது. அந்த நிலையில் இத்தாலிக்குப் போய், இட்டல்டிசைன் என்ற வடிவமைப்பு நிறுவனத்தை நடத்திவந்த ஜார்ஜெட்டோ ஜுஜாரோவிடம் எங்களுக்கு ஒரு கார் வரைந்து தாருங்கள் என்று கேட்டார்கள். அவர் வரைந்த போனி 1974இல் டுரின் கண்காட்சியில் வைக்கப்பட்டது. என்ஜின் மிட்சுபிஷியுடையது. வழக்கமான, விவேகமான சிறிய குடும்பக் கார். அடுத்த வருடம் உல்சானில் உற்பத்தி தொடங்கியது. 1976இல் ஈக்வடாருக்கு ஏற்றுமதியும் ஆனது.

ஆனால் டுரினில் போனியோடு இன்னொன்றும் நின்றது. போனி கூப்பே. ஆப்பு வடிவில் தாழ்ந்து சரியும் முகப்பு, வட்ட விளக்குகள், தாளை மடித்துவைத்தது போன்ற தட்டையான பக்கங்கள், கூரான ஓரங்கள். குடும்பக் காரையே இன்னும் செய்து முடிக்காத ஒரு நிறுவனம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து உலகத்தின் முன் வைத்தது. இதை முதலில் படித்தபோது என் பழைய கோபம் ஒரு கணம் தலைதூக்கியது: இதுவும் கண்காட்சிக்குத்தானே? ஆனால் படத்தைப் பார்க்கப் பார்க்க வேறொன்று தோன்றியது. அந்தக் கார் வாங்குபவர்களைப் பார்த்து வைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. உல்சானில் கார்ட்டினாவுக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்து வைக்கப்பட்டது போலிருந்தது. நீங்கள் செய்யப்போவது இது, என்று.

செய்ய முடியவில்லை. வடஅமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கத் திட்டமிட்டு, உற்பத்தியின் வாசல்வரை கொண்டுபோய், 1981இல் பொருளாதாரச் சரிவில் கைவிட்டார்கள். டுரினில் நின்ற அந்த ஒற்றைக் காரும் காலப்போக்கில் காணாமல் போனது. அதே 1981இல் ஜுஜாரோவின் இன்னொரு கார் வட அயர்லாந்தில் உற்பத்திக்கு வந்தது: வண்ணமே பூசாத துருப்பிடிக்கா எஃகு உடலோடு, டெலோரியன். கூப்பேயில் அவர் யோசித்த ஆப்பு வடிவம் அங்கே மறுபிறவி எடுத்திருக்கிறது.

பிறகு நடந்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2022இல் ஹூண்டாய் ஜுஜாரோவைத் தேடிப் போய், தொலைந்த கூப்பேயை மறுபடி கட்டித் தரும்படி கேட்டது. அவருக்கு அப்போது வயது 84. மகன் ஃபாப்ரிட்சியோவோடு சேர்ந்து கட்டினார். 2023 மே மாதம் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் அது மக்கள் முன் நின்றது. முப்பத்தாறு வயதில் தான் போட்ட கோட்டை ஒருவர் எண்பத்து நான்கில் மீண்டும் போடுகிறார். இடைப்பட்ட காலத்தில் அவர் கை எவ்வளவோ வரைந்திருக்கும். நம் சாலைகளில் ஓடிய ஃபியட் யூனோவும் தேவூ மாட்டிஸும் அவருடைய நிறுவனத்தில் பிறந்தவைதான். மாட்டிஸின் கதை இன்னும் நெருக்கமானது: அது முதலில் லுச்சியோலா என்ற பெயரில் 1993இல் காட்டப்பட்ட கான்செப்ட் கார். ஃபியட்டுக்காக யோசித்தது அங்கே போகாமல், கொரியாவில் தேவூவிடம் வந்து, மாட்டிஸ் என்று பெயர் மாறி, நம் தெருவரை வந்து சேர்ந்தது. என் தோழியின் வீட்டு வாசலில் அந்த உருண்டைக் கண் கார் நின்றபோது, ஒரு மேடையிலிருந்து இறங்கிவந்த காரின் பக்கத்தில் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

மிஞ்சியதும் போனதும்

கூப்பே நாயகன் என்றால், அதன் பேரன் எனத் தக்கது 45 என்ற பெயரோடு 2019இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் காட்டப்பட்ட மின்சாரக் கான்செப்ட். டுரினிலிருந்து நாற்பத்தைந்து வருடங்கள் என்பது பெயரின் ஒரு காரணம். முன்னும் பின்னும் உடல் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் வெட்டப்பட்டிருப்பது இன்னொரு காரணம். 2021 பிப்ரவரியில் அதன் உற்பத்தி வடிவம் அயோனிக் 5 என்ற பெயரில் வந்தது. 2023 ஜனவரியில், நான் நின்ற அதே கிரேட்டர் நொய்டாக் கண்காட்சியில், ஏறக்குறைய 45 லட்ச ரூபாய் விலையோடு இந்தியாவுக்கும் வந்தது. உதிரிகளாக வந்து இருங்காட்டுக்கோட்டையில் பொருத்தப்படுகிறது.

இரண்டின் படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அச்சுப் பிழை பார்ப்பது போல ஒவ்வொரு அங்குலமாக ஒப்பிட்டேன். கான்செப்டில் முன் இருக்கைகள் பின்னே இருப்பவர்களை நோக்கித் திரும்பும்; விற்பனைக்கு வந்ததில் அது இல்லை. ஓடும் காரில் திரும்பிய இருக்கைக்கு இருக்கைப்பட்டையை எங்கே கட்டுவது, காற்றுப்பையை எந்தப் பக்கம் வைப்பது? ஆனால் அந்த ஆசையின் ஒரு பங்கு மிஞ்சியிருக்கிறது. மின்சாரக் கார் என்பதால் தரையின் நடுவே மேடு கிடையாது. இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவில் இருக்கும் பெட்டி 140 மில்லிமீட்டர் பின்னால் நகரும். ஓட்டுநர் பக்கம் கதவைத் திறக்க இடமில்லாவிட்டால் இந்தப் பக்கமாக இறங்கிவிடலாம். மொத்த நீளம் நான்கரை மீட்டரைச் சற்றே தாண்டும் அந்தக் காரில், முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே முழு மூன்று மீட்டர். ஹூண்டாயின் பெரிய பாலிசேடு வண்டியைவிட அது அதிகம். கான்செப்டின் கூடம், அளவு குறைந்தாலும், கூடமாகவே வந்திருக்கிறது. பக்கக் கண்ணாடிக்குப் பதிலான கேமராக்கள் கொரியாவில் விருப்பத் தேர்வாகக் கிடைத்தன. நமக்கு வந்ததில் சாதாரணக் கண்ணாடிதான். சிறு சதுரங்களாக ஒளிரும் விளக்குகள் அப்படியே இருக்கின்றன.

பிறகு, கதவுகளின் குறுக்கே சாய்வாக ஓடும் அந்த மடிப்பு. இரண்டு கதவுகளையும் கடந்து போகும் கூரான மடிப்பு. கான்செப்டில் இருந்த கூர்மை உற்பத்திக் காரிலும் இருந்தது. என் கோடு ஏன் படுத்துவிட்டது, இது எப்படி நின்றது? கணினித் திரையில் எத்தனை மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் தெரிந்தவர் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார் என்பது எனக்குத் தோன்றாமல் போனதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பெரியப்பாவின் கைக்குட்டை

பெரியப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் முப்பத்து நான்கு வருடம் டை ஃபிட்டராக இருந்தவர். கார்களுக்கான தகட்டு உறுப்புகளை அழுத்தி வடிவமாக்கும் டைகளை, அதாவது கனத்த இரும்பு வார்ப்புகளை, செதுக்கிச் சரிசெய்வது அவர் வேலை. வீட்டில் அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. சட்டையில் எண்ணெய் மணம், விரல் இடுக்குகளில் போகாத நீல மை, இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த அவருடைய தொழில். போன வருடம் அவர் எங்கள் அடுக்ககத்துக்கு வந்திருந்தபோது, மூன்றாம் மாடிக்காரர் வாங்கியிருந்த அயோனிக் 5 தரைத்தளத்துக்குக் கீழே நிறுத்துமிடத்தில் நின்றது. ஸ்கூட்டியை எடுக்கப் போன நான், எதையோ நினைத்து, “பெரியப்பா, இந்தக் கதவைக் கொஞ்சம் பாருங்கள்” என்றேன்.

அவர் உடனே காரின் அருகே வரவில்லை. சுற்றிப் பார்த்து, கூரையில் டியூப்லைட் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். பிறகு பின்சக்கரத்துக்கு அருகே வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, ஒரு கண்ணை மூடி, கதவின் நீளத்தோடு பார்வையை ஓட்டினார். டியூப்லைட்டின் பிம்பம் தகட்டில் வெள்ளைக் கம்பியாக விழுந்திருந்தது. தலையை இம்மி இம்மியாக அசைத்தார். அந்த வெள்ளைக் கம்பி மடிப்பை நோக்கி நகர்ந்து, மடிப்பில் ஏறி, மறுபக்கம் இறங்கியது. எங்கும் நெளியவில்லை. “ம்” என்றார். வண்டிக்காரர் அங்கேயே நின்றிருந்ததால் அனுமதி கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறி, கதவின்மேல் விரித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னுமாக ஓட்டினார். வெறுங்கைக்குப் படாத மேடுபள்ளம் துணி வழியாகப் படும் என்று பிறகு சொன்னார். அவர்கள் பட்டறையில் அதற்குப் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வார்களாம்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முன்கதவு முழுவதும் போய், இரண்டு கதவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் நின்று, பின்கதவுக்குத் தாண்டி, மறுபடி அந்த இடைவெளிக்கே வந்தார். “இது தனித் தகடு, அது தனித் தகடு. இது வேறு டையில் அடித்தது, அது வேறு டையில் அடித்தது. தனித்தனியாகக் கீலில் தொங்குகிறது. கோடு மட்டும் தாண்டிப் போகிறது, பார்த்தாயா அம்மா?” என்றார். அவர் குரலில் இருந்தது என்ன என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. தன் தெருக்காரப் பையன் ஒருவன் பெரிய மேடையில் பாடுவதைக் கேட்பவரின் குரல் அது.

அன்று மாலை முழுவதும் நான் கேட்டேன், அவர் சொன்னார். வெளிக்கதவின் தகடு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் தடிமன்தான். அதை டைக்கு நடுவில் வைத்து அழுத்தி வடிவத்துக்கு இழுக்கிறார்கள், பிறகு ஓரத்தை வெட்டுகிறார்கள், பிறகு மடிக்கிறார்கள். நான்கைந்து டைகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் பல டன் எடையுள்ள வார்ப்பிரும்பு. கான்செப்ட் காரை முழு அளவில் களிமண்ணில் செதுக்குவார்கள்; களிமண்ணில் கத்தி முனை போல மடிப்பு வைக்கலாம், அது எங்கும் கிழியாது. அந்தக் கூர்மையை இரும்புத் தகட்டில் கேட்டால் மடிப்பின் முனையில் தகடு மெலிந்து கிழிந்துவிடும். கிழியாமல் தப்பினாலும், இழுபடும்போது தகடு மடிப்பின்மேல் வழுக்கி நகர்ந்தால் பக்கத்தில் இன்னொரு மெல்லிய கோடு விழுந்துவிடும். வண்ணம் பூசிய பிறகு அது வெயிலில் பல்லைக் காட்டும். அழுத்தத்தை எடுத்தவுடன் தகடு வேறு கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். ஆகவே கோணத்தை வேண்டியதைவிடக் கூடுதலாக வைத்து, அது எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். “வரைகிறவன் மடிப்பில் கூர்மை கேட்பான். நாங்கள் ரேடியஸைக் கூட்டு, மடிப்பை உருட்டு என்போம். அவன் ஒரு மில்லிமீட்டர் விடுவான், நாங்கள் ஒரு மில்லிமீட்டர் விடுவோம். பெரும்பாலும் அவன்தான் தோற்பான். ஏனென்றால் எங்களுக்குத் தேதி கொடுத்திருப்பார்கள்.”

தேதிக்குள் முடிக்காமல் இன்னும் கூர்மையாக்க முயன்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் தன் விரல்களைக் காட்டினார். டையின் இரு பாதியும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க நீல மை தடவி அழுத்திப் பார்ப்பார்கள். மை படாத இடம் பள்ளம், அதிகம் பட்ட இடம் மேடு. மேட்டைக் கல்லால் தேய்ப்பார்கள். மறுபடி மை, மறுபடி அழுத்தம், மறுபடி கல். வந்த தகட்டின்மேல் எண்ணெய்க்கல்லை ஓட்டி அதன் கீறலில் பள்ளம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கைப்பிடி உட்காரும் குழியைச் சுற்றிக் கட்டாயம் ஒரு பள்ளம் விழும், அதோடு போராடியே பாதி நாள் போகும். இப்போது கணினியே எங்கே கிழியும் என்று முன்னதாகச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் கடைசி நூலிழை கைக்குத்தான் தெரியும் என்றார். “படத்தில் கோடு போடுவது ஒரு ஆளின் வேலை. இந்தக் கதவில் அந்தக் கோடு நிற்கிறது என்றால், எங்கோ ஒரு டூல் ரூமில் பத்துப் பேர் இதைப் போக விடவில்லை.”

வருடக்கணக்காக நான் அந்தக் காரின் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடைக்கும் விற்பனையகத்துக்கும் நடுவில் இவர் உட்கார்ந்திருந்த பட்டறை இருப்பது எனக்குத் தெரியவில்லை. கான்செப்ட் கார் பொய்யா என்ற என் கேள்வியே இடம் மாறிவிட்டது. போனி கூப்பே உல்சானின் ஆட்களைப் பார்த்து நின்றது என்று எனக்குத் தோன்றியதல்லவா, அதன் பொருள் அன்று இரவு இன்னும் நன்றாகப் புரிந்தது. 1974இல் காட்டிய அந்த மடிப்புகளை அவர்களால் உற்பத்திவரை கொண்டுசெல்ல முடியவில்லை. 2021இல் முடிந்தது. அந்த நாற்பத்தேழு வருடங்களில் ஜுஜாரோவின் கோடு புதிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. கோட்டைத் தாங்கும் கைகள் உருவாகியிருக்கின்றன. இந்தக் காருக்கு 2022இல் உலகின் சிறந்த கார் என்ற விருதும், வடிவமைப்புக்கான விருதும் கிடைத்தன. மேடையில் விருது வாங்கியவர்களின் படம் இருக்கிறது. டையைத் தேய்த்தவர்களின் படத்தை நான் எங்கும் பார்க்கவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஹூண்டாய் 2022இல் காட்டிய ‘N விஷன் 74’ காரின் படத்தையும் பெரியப்பாவுக்குக் காட்டினேன். பழைய கூப்பேயின் நிழலில் வரைந்த கான்செப்ட். ஹைட்ரஜன் எரிபொருள் கலமும் 62.4 கிலோவாட்-மணி மின்கலமும் சேர்ந்து 500 கிலோவாட்டுக்கு மேல் ஆற்றல் தரும், ஒரு முறை நிரப்பினால் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று அறிவித்திருந்தார்கள். ஆற்றலையும் தூரத்தையும் நான் வாசித்தபோது அவர் கேட்டுக்கொண்டார். படத்தைக் கொடுத்தபோது இரண்டு விரலால் பெரிதாக்கி, பின்சக்கரத்தின் மேல் உள்ள தகட்டில் போய் நின்றார். “இதை ஒரே துண்டாக அடிக்க முடியாது” என்றார். சற்றுப் பொறுத்து, “இப்போது முடியாது” என்று திருத்திக்கொண்டார்.

பீரோவுக்குள் இருந்த படம்

அவர் ஊருக்குப் புறப்படும் நாள் காலையில்தான் எனக்கு அது நினைவு வந்தது. பீரோக் கதவின் உட்பக்கம் பத்து வருடங்களுக்கு மேலாக ஒட்டியிருந்த நொய்டாப் படம். பசை காய்ந்து, ஒரு மூலை மஞ்சளாகியிருந்தது. அதை உரித்து எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். எதுவும் சொல்லவில்லை. எந்த நிறுவனத்தின் கார், பிறகு என்னவாக வந்தது என்பதைக் கைப்பேசியில் இன்னொரு படமாகக் காட்டினேன், அவ்வளவுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு பேனா கொடு என்றார்.

நடுத்தூண் இல்லாத வாசலில் முதலில் ஒரு பெருக்கல் குறி போட்டார். பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி மோதினால் தாங்குவது அந்தத் தூண்தான். அதை எடுத்துவிட்டால் கதவுக்குள்ளேயே தூணின் பலத்தை வைக்க வேண்டும், கதவு கனத்துவிடும், இந்த விலைக்கு ஆகாது. சக்கரத்துக்கு இன்னொரு பெருக்கல்: நம் வேகத்தடைகளுக்கு அந்தச் சக்கர வளைவில் இடமே இல்லை. விளக்குக் கீற்றின்மேல் பேனா தயங்கியது. அப்போது விலை அதிகமாக இருந்திருக்கும் என்று சொல்லி, ஒரு சின்னக் கேள்விக்குறி. கைப்பிடியைச் செய்திருக்கலாம் என்றார், ஆனால் மழையும் மண்ணும் உள்ளே போனால் யார் பதில் சொல்வது என்றும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவர் காரணம் சொல்லச் சொல்ல, என்னை ஏமாற்றியவர்கள் என்று நான் வைத்திருந்த பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்தது. அதில் எனக்கு நிம்மதிதான்.

“இந்தக் கோடு, பெரியப்பா?”

அவர் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கைப்பேசியை வாங்கி, விற்பனைக்கு வந்த காரின் பக்கவாட்டை, உடைந்து வேறு உயரத்தில் எழும் அந்த இரண்டாவது கோட்டைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பெரியம்மா பையைத் தூக்கிக்கொண்டு, பஸ் போய்விடும் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“இதைச் செய்திருக்கலாம் அம்மா” என்றார். “மடிப்பு அப்படியொன்றும் கூர்மையில்லை. கதவு தாண்டும் இடத்தில் தொந்தரவு கொடுக்கும், கொடுக்கட்டும். இன்னும் நாலு முறை மை போட்டுப் பார்த்திருந்தால் போதும். எங்கள் பட்டறையிலேயே செய்திருப்போம்.”

யாராவது கேட்டிருந்தால் என்ற சொற்களை அவர் சொல்லவில்லை. பேனாவை மூடி, படத்தை என்னிடம் தந்துவிட்டுச் செருப்பைத் தேடினார். அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்துதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். பெருக்கல் குறிகள் இரண்டு, கேள்விக்குறி ஒன்று. கோட்டின்மேல் குறி எதுவும் இல்லை. முன்விளக்கின் கீழிருந்து தொடங்கி, முன்கதவைக் கடந்து, இடைவெளியைக் கடந்து, பின்கதவைக் கடந்து, பின்விளக்கில் போய் முடியும்வரை, அதன்மேலேயே நீல மையில் பேனாவை எடுக்காமல் இழுத்திருந்தார்.